விளக்கெண்ணெய் பூட்டிய என்ஜின்

5 ஜனவரி 2025, ஞாயிறு
மஞ்சக்குப்பம், கடலூர்

போகிக்கு எட்டு நாள் இருக்கிறது. பரணை ஒழித்தபோது அந்தப் பிஸ்கட் தகரப்பெட்டி கையில் சிக்கியது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் ஓடுகளைப் பெயர்த்தெறிந்த மறுநாள், நனையாமல் மிஞ்சியதையெல்லாம் அவசர அவசரமாக மேலே ஏற்றினோம். அதன்பின் இந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்லை.

உள்ளே வேட்டித் துணியில் சுற்றிய, பொழுதுபோக்காகப் பறக்கவிடும் சிறு மாதிரி விமானங்களின் இரண்டு என்ஜின்கள். ஒன்று ஜப்பானின் ஓ.எஸ். மேக்ஸ் 40, 6.5 சிசி, கனலும் கம்பிச்சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் கிளோ பிளக்கில் ஓடுவது. மற்றொன்று கல்கத்தாவில் செய்த 1.5 சிசி டீசல். இரண்டும் அசையவில்லை.

“ஏங்க, இதையும் பழைய இரும்போடு போட்டுவிடலாமா?” என்று மனைவி கேட்டாள். பெட்டியை வாங்கி என் மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

6 ஜனவரி

தெருமுனை பைக் மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, “மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள் சார், இரண்டு நாளில் கழன்றுவிடும்” என்றார். காற்றாடியை (புரொப்பெல்லரை) இறுக்கும் மூக்கு நட்டைக் குறடால் பிடித்துத் திருகிப் பார்க்கவும் கையை நீட்டினார். தடுத்துவிட்டேன். சிலிண்டரோடு ஒட்டிக்கொண்ட பிஸ்டனை வலுவில் திருப்பினால் முதலில் வளைவது பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான். அதற்கு மாற்று எங்கே தேடுவது?

பெரிய என்ஜினை மட்டும் மண்ணெண்ணெயில் போட்டேன்.

8 ஜனவரி

இரண்டு நாளாகியும் மண்ணெண்ணெய் தெளிவாகவே இருக்கிறது. எதுவும் கரைந்து வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் காரணம் புரிந்தது. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

இதை இறுக்கியிருப்பது துரு அல்ல, விளக்கெண்ணெய். எரிபொருளான மெத்தனாலோடு ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்துதான் இதை ஓட்டினேன். எவ்வளவு சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத எண்ணெய் அது. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தோம். ஓடி முடித்த என்ஜினில் மிஞ்சுவது நாளாக ஆக அரக்குபோல் இறுகிவிடுகிறது. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு சேராது. டீசல் என்ஜினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் சரிபங்காக என் கையாலேயே கலந்திருக்கிறேன். ஈதரை ஊற்றும்வரை மற்ற இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். விளக்கெண்ணெயைக் கரைப்பது ஆல்கஹால்.

9 ஜனவரி

மெத்தனாலும் ஓர் ஆல்கஹால்தான், ஆனால் அதைக் கேட்டு எந்தக் கடைக்கும் போகவில்லை. 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் அது சாராயத்தில் கலந்து எத்தனை வீடுகளை அழித்தது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கட்டுப்பாடு இருக்கட்டும், அதுதான் சரி. திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தது.

கிளோ பிளக்கைக் கழற்றினேன். பின்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றி, கேஸ்கெட் கிழியாமல் எடுத்தேன். கார்புரேட்டரையும் அதன் ரப்பர் வளையத்தையும் தனியே வைத்தேன். பிளக் துளை வழியாகவும் பின்பக்கமாகவும் ஆல்கஹாலை ஊற்றி, ஊறுகாய் ஜாடியில் நிறுத்தி மூடினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஜாடியின் அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம்.

11 ஜனவரி, சனி

இன்று என்ஜினுக்குச் சூடு காட்டும் நாள். ஆல்கஹால் முழுக்க ஆவியாகட்டும் என்று அதைக் காலைமுதல் மொட்டை மாடியில் வெயிலில் வைத்திருந்தேன். ஈரத்தோடு சூடேற்றினால் தீப்பிடிக்கும். இதில் அவசரமே கூடாது. செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து சூடான காற்று அடிக்கும் கருவியைப் பேரன் இரவல் வாங்கி வந்தான்.

மரக் காற்றாடியை மாட்டி, சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிக் காற்றைக் காட்டினேன். தலைப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுரீரென்று பொரிந்தது. கை உறை போட்டுக்கொண்டு காற்றாடியை இரு விரலால் முன்னும் பின்னும் ஆட்டினேன். அசைவில்லை. மறுபடி சூடு, மறுபடி ஆட்டம். ஐந்தாவது முறை காற்றாடியின் நுனி ஒரு நெல்லின் நீளத்துக்கு நகர்ந்தது.

நான் மூச்சே விடவில்லை. பேரன்தான் “தாத்தா, நகர்ந்தது!” என்று கத்தினான்.

புகைபோக்கித் துளையில் பழுப்பாக ஒரு துளி கசிந்தது. அந்த மணம்! எரிந்த விளக்கெண்ணெயின் மணம். சில்வர் பீச்சுக்குப் பின்னால் விமானம் விட்ட ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதில் இருந்தன. கண் கலங்கியதை மறைக்கவில்லை.

நெல்லளவு விரலளவாகி, விரலளவு அரைச்சுற்றாகி, மதியத்துக்குள் முழுச்சுற்று வந்துவிட்டது. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மட்டும் ஓர் இறுக்கம். பேரன் பயந்தான், அது பழுதல்ல. இந்த வகையில் பித்தளை சிலிண்டரை மேல்நோக்கிச் சற்றே குறுகலாகக் கடைந்திருப்பார்கள். ஓடிச் சூடேறும்போதுதான் அது விரிந்து பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்தும்.

13 ஜனவரி, போகி

விடியலில் தெருவெல்லாம் புகை. மறுபடி ஆல்கஹாலில் அலசி, மெல்லிய மெஷின் ஆயில் விட்டு நூறு முறை சுற்றினேன். இது சுழல்தண்டைத் தாங்க வெறும் உலோக வளையமான புஷ் வைத்த என்ஜின். துருப்பிடிக்க பால் பேரிங் இல்லை. இந்த உப்புக்காற்றில் அது பெரிய பாக்கியம். பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் கொடுத்ததும் கம்பிச்சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது.

19 ஜனவரி, ஞாயிறு

நேற்று தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. வீடு நிறைய உறவினர். இன்றுதான் சின்ன டீசலைக் கையில் எடுத்தேன். இதில் பிஸ்டன் மட்டுமல்ல, அதன் மேலே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எதிர்பிஸ்டனும் ஒட்டியிருக்கிறது. மேல் திருகை முதலிலேயே பின்வாங்கி வைத்தேன். மூன்று முறை சூடு காட்டியதில் கீழ்ப்பிஸ்டன் வந்துவிட்டது. எதிர்பிஸ்டன் வரவில்லை. தட்டி இறக்க மனமில்லை. ஜாடியில் புது ஆல்கஹால் ஊற்றி மூடி, மேலே இன்றைய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.