விழுந்ததை மட்டும் எடுத்துக்க

எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டில் புராஜெக்ட் தலைப்பு கேட்டபோது, கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் திசு வளர்ப்பு என்று ஆய்வகத்துக்குள் போய்விட்டார்கள். நான் விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் ஓர் அய்யனார் கோயில்காட்டை எடுத்தேன். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருப்பவை பலவும் இப்படிச் சாமி பேரைச் சொல்லிப் பிழைத்த துண்டுகள்தான். வெளியே வந்தால் முந்திரி, சவுக்கு, சீமைக் கருவேலம்.

முதல் நாளே சிக்கல். ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் தொகுப்பு. அதன் தாளில் ஒட்டப் பூவோடு கிளை வேண்டும். கத்தரியை எடுத்ததும் பூசாரி ஐயா தடுத்துவிட்டார். "ஒடிக்கக் கூடாது தம்பி. கீழ விழுந்திருந்தா எடுத்துக்க."

சரி என்று, காற்றடித்த மறுநாள் விடிகாலையில் போய்ப் பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கியதைச் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி, தினமும் தாள் மாற்ற வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் சோம்பியதில் ஒரு கட்டு முழுக்கப் பூஞ்சை.

அதைவிடப் பெரிய கூத்து பாலை மரத்தில். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டமாகக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். கிளை எட்டாத மரங்களுக்குப் பூசாரி ஐயா சொன்ன பெயரையே எழுதினேன். 'பாலை' என்றார். ராத்திரி விடுதியில் அறிவியல் பெயர்ப் பட்டியலைப் புரட்டி, அதற்கு நேராக 'ரைட்டியா டிங்டோரியா' என்று எழுதிவிட்டேன். அது வெப்பாலை. இரண்டிலும் பால் வடியும், அதோடு சரி. வெப்பாலைக்கு இலைகள் எதிரெதிராக இருக்கும். இவர் சொன்னது உலக்கைப்பாலை, 'மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா'. இலைகள் மாறி மாறி வரும், நுனியில் சின்னப் பள்ளம். கீழே கிடந்த மஞ்சள் பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் சந்தேகமே வந்தது. பிறகு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் பழைய தாள்களோடு ஒப்பிட்டு, முதல் நான்கு கட்டங்களையும் திருத்தி எழுதினேன்.

காயாம்பூ வண்ணன் என்று பாட்டி பெருமாளைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெயில் காலம் தொடங்கியதும் காயா மரத்தின் இலையற்ற கிளைக் கணுக்களில் கொத்துக் கொத்தாக அந்த நீலம் வெடித்திருந்ததைப் பார்த்தபோது டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். அன்றைக்கு அளவெடுத்த மாதிரிதான்.

புராஜெக்ட்டின் கனமான பகுதி நாற்றுக் கணக்கு. பெரிய மரங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் பொங்கல் வைக்கும் பக்கம் சருகைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தக் கட்டங்களில் வீரை, காயா நாற்றுகளைக் குனிந்து தேடியும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. சருகு கிடந்த பின்பக்கம் கால் வைக்க இடமில்லாமல் நாற்றுகள். கோடாரிக்குப் பயந்த ஊர் துடைப்பத்தை யோசிக்கவில்லை. பக்தர்கள் வருகிற இடம், பாம்பு இருக்கும் என்ற பயமும் நியாயம்தான். பின்பக்கத்தையாவது விட்டுவைக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "அங்க யாரு போறா?" என்றார். அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. தாள்களைப் புரட்டிய தேர்வாளர், இரும்புளி மரத்துக்கு ஏன் பூவில்லை என்று கேட்டார். விழவில்லை சார் என்றேன்.