எஞ்சின் நடுக்கமும் இரண்டு பிரேக் விளக்குகளும்: கைமாறி வந்த காரில் காரணம் தேடிய பதிவு

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் மேனுவல் கியரும் கொண்ட, கைமாறி என்னிடம் வந்த காரில் மூன்று குறைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டின. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் சீரின்றி நடுங்கின. வளைவில் திரும்பும்போது சிவப்புப் பிரேக் விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. அதே வளைவுகளுக்குப் பிறகு சில வேளைகளில் மஞ்சள் நிற ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தது. அது மட்டும் எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் வரை அணையவில்லை. இரண்டு விளக்குகளும் திரும்பும்போதே வருவதால் அவற்றுக்கு மூலம் ஒன்றாகத்தான் இருக்கும், நடுக்கம் தனி விவகாரம் என்பதே முதல் பார்வையில் யாருக்கும் தோன்றும் முடிவு.

பிரேக் விளக்கு எரியும் வண்டியில் மற்ற எதையும் தொடும் முன் பெடலைச் சோதிக்க வேண்டும். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்து, பெடல் மெத்தென்று தரைவரை இறங்கினால் அந்த வண்டியை நகர்த்தவே கூடாது. இங்கே பெடல் இறங்கவில்லை. மாறாக, இரவு முழுதும் நின்ற வண்டியில் எஞ்சினை இயக்கும் முன் மிதித்தபோது முதல் மிதியிலேயே விறைத்து நின்றது. இதைக் குறித்து வைத்துக்கொண்டு நடுக்கத்தின் பக்கம் சென்றேன்.

நடுக்கம் எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்பதே பாதி வேலை. சக்கர பேலன்சிங், வளைந்த ரிம், டயர்க் குறை ஆகியவை வண்டியின் வேகத்தோடு கூடிக் குறையும். டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறும். எஞ்சினைச் சேர்ந்த நடுக்கமோ ஆர்.பி.எம்.மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைப் பின்தொடரும். நின்ற வண்டியில் நடுங்குவதால் சக்கரங்கள் கணக்கிலிருந்து விலகின. காரின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளைப் படிப்பதற்கான பதினாறு முனை ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும் இரண்டு குறியீடுகள் வந்தன: கலவையில் எரிபொருள் குறைவு என்னும் பி0171, குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் ஆங்காங்கே எரிதல் தவறுகிறது என்னும் பி0300. ஒரே சிலிண்டர் தவறியிருந்தால் பி0301 முதல் பி0304 வரையிலான ஒன்று வந்திருக்கும். அப்போது அந்தச் சிலிண்டரின் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி, குறையும் கூடவே இடம்பெயர்கிறதா என்று பார்த்தால் போதும். எல்லாச் சிலிண்டர்களும் அவ்வப்போது தவறுவதால் காயில்களைத் தொடவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி வெளிறியிருந்தன, அவ்வளவுதான்.

குறியீடுகளைவிடப் பயன்பட்டது எரிபொருள் திருத்த அளவு, அதாவது கணினி வழக்கமான அளவுக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைச் சேர்த்து ஊற்றுகிறது என்ற சதவீதம். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அது கூட்டல் 17 என்றும், 2500 ஆர்.பி.எம்.மில் கூட்டல் 3 என்றும் காட்டியது. பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் வேகம் கூடக் கூடப் பற்றாக்குறையும் கூட வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய இடத்தில், அதன் கணக்கில் வராமல் ஒரு சிறு துவாரம் வழியாகக் காற்று நுழைந்தால் இப்படித்தான் நடக்கும்: ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் அந்தத் துவாரத்தின் பங்கு பெரிதாகத் தெரியும், காற்றை உள்ளே விடும் திராட்டில் திறந்தால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும்.

காற்று நுழையக்கூடிய குழாய்கள் பல இருந்தாலும், விறைத்த பெடல் ஒரு குழாயை மட்டும் சுட்டியது. பிரேக் பெடலுக்குத் துணைவிசை தரும் சர்வோ, எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) ஒரு தடித்த ஹோஸ் வழியாக வெற்றிடத்தைப் பெறுகிறது. சர்வோவின் வாயில் உள்ள ஒருவழி வால்வு, எஞ்சின் நின்ற பிறகும் ஓரிரு மிதிகளுக்குப் போதுமான வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஹோஸில் மட்டும் விரிசல் இருந்திருந்தால் எஞ்சின் நடுங்கியிருக்கும், ஆனால் சர்வோவுக்குள்ளே வெற்றிட இருப்பு மிஞ்சி, முதல் மிதி மென்மையாக இருந்திருக்கும். இங்கே நடுக்கமும் விறைத்த பெடலும் ஒருங்கே இருப்பதால் கசிவு வால்வுக்கு அப்பால், சர்வோவின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைத் துணி சுற்றிய கிளாம்பால் நெரித்ததும் நடுக்கம் நின்றது. வால்வு அமர்ந்திருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளந்திருந்தது. கிளாம்பை எடுத்துவிட்டு வளையத்தையும் வால்வையும் புதிதாகப் போட்டேன். பிறகு எஞ்சின் நின்ற நிலையில் பலமுறை மிதித்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி இயக்கினால் பெடல் சற்றே கீழிறங்கியது. சர்வோ நலமாக இருப்பதற்கு அதுவே அடையாளம். எஞ்சின் பழுதென்று நினைத்தது பிரேக் அமைப்பிலிருந்து வந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு வியப்பு உண்டு.

இனி விளக்குகள். சில கார்களில் முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிரும் இபிடி செயலிழந்தால் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தே எரியும்; எனவே அவை எப்போதும் சேர்ந்து வருகின்றனவா என்று கவனித்தேன். இல்லை; சிவப்பு நொடியில் அணைய, மஞ்சள் தனக்குத் தோன்றிய நாளில் மட்டும் வந்தது.

சிவப்பு விளக்கின் காரணம் எளியது. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி நின்றதால், திரும்பும்போது ஒரு பக்கம் ஒதுங்கி மிதவை சுவிட்சைத் தாழ்த்தியது. இந்த இடத்தில் ஆயிலை ஊற்றி நிரப்புவது பலருக்கும் கைவந்த வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே மட்டம் தாழ்வது ஒன்று தேய்மானத்தைச் சொல்கிறது, அல்லது கசிவைச் சொல்கிறது. முன் பேட்டுகள் 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தன. புதிய பேட்டுக்காகப் பிஸ்டன்களை உள்ளே தள்ளியபோது, ஒரு சொட்டும் சேர்க்காமலே ஆயில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறியது. கசிவு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். முன்பே நிரப்பியிருந்தால் அது வழிந்து பெயிண்ட்டை அரித்திருக்கும்.

ஏபிஎஸ் விளக்குக்கு மலிவான ஸ்கேனர் உதவவில்லை, அது எஞ்சின் கணினியோடு மட்டுமே பேசும். ஏபிஎஸ் கணினியையும் படிக்கும் கருவியை இரவல் வாங்கி, மெதுவாக ஓட்டியபடி அருகிலிருந்தவரை நான்கு சக்கர வேகங்களையும் பார்க்கச் சொன்னேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன் இடது சக்கரத்தின் வேகம் மட்டும் சுழியமானது. இவ்வண்டியில் இருப்பது இரண்டு வயர் கொண்ட பழைய வகைக் காந்தச் சென்சார். வலப்புறச் சென்சாரில் மீட்டர் 1.1 கிலோஓம் மின்தடை காட்ட, இடப்புற வயரை அசைத்தால் இணைப்பே அற்றுப்போனது. சக்கரத்தோடு சேர்ந்து மடங்கும் இடத்தில், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் முறிந்திருந்தன. திரும்புதல் என்ற ஒரே அசைவு ஆயிலை ஒதுக்கி ஒரு விளக்கையும், வயரை மடக்கி இன்னொரு விளக்கையும் ஏற்றியிருக்கிறது. ஒட்டுப் போட்ட வயர் அந்த இடத்தில் நிலைக்காது என்பதால் சென்சாரையே மாற்றினேன்.

இப்போது விளக்குகள் இரண்டும் அணைந்தே இருக்கின்றன. திருத்த அளவு ஐட்லிங்கில் கூட்டல் 2. ஏசியைப் போட்டால் மட்டும் மெல்லிய, சீரான அதிர்வு எஞ்சியிருக்கிறது. சுமை ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய்வது தெரிவதால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பொருத்தியான எஞ்சின் மவுண்ட் வலப்புறத்தில் கிழிந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அதை மாற்றும்போதே, கறுத்துப்போன பிரேக் ஆயிலையும் முழுவதுமாக வெளியேற்றிப் டாட் 4 என்ற தர வகையில் புதிய ஆயில் நிரப்ப வேண்டும். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால், புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, ஈரமேறிய நிலையில் 155 அளவுக்கு இறங்கிவிடும்.