நிரந்தர அம்பயர்

“எந்த இடத்துல ஆடப் போற? முன்னாலயா, தடுக்கவா, கோல் காக்கவா?”

கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு பனித்தளத்தின் வாசலில், சக்கர நாற்காலியில் இருந்த என் மகனிடம் பயிற்சியாளர் கேட்டார். அவனால் நடக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவனுக்கு ஒன்பது வயது. இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

சேலத்தில் எங்கள் தெருவுக்கு அவன்தான் நிரந்தர அம்பயர். பெருமூளை வாதம் என்பதால் கால்கள் சொன்னபடி கேட்காது. பையன்கள் தங்கமானவர்கள். திண்ணையில் உட்காரவைத்து, “அவுட்டா இல்லையா, நீதான்டா சொல்லணும்” என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். அவனுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை.

இங்கே முதல் குளிர்காலத்தில் டிவியில் ஐஸ் ஹாக்கி பார்த்துவிட்டு, “அம்மா, நான் கனடாவுக்கு ஆடுவேன்” என்றான். “நீ வேடிக்கை பாரு கண்ணு” என்றேன். அந்த வார்த்தை இன்னும் என்னைச் சுடுகிறது. ஐந்து வயதில் காலில் பஸ் ஏறி நசுங்கிய மாரியப்பன் எங்கள் சேலம் மாவட்டத்துக்காரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, எங்க ஊர்ப்பிள்ளை என்று பூரித்தவள்தானே நான்!

மாற்றுத்திறனாளிகள் ஆடும் ஐஸ் ஹாக்கியான பாரா ஹாக்கியில் இடுப்புக்குக் கீழே வலு தேவையில்லை. உட்காரும் சறுக்குவண்டிக்கு அடியில் இரண்டு தகடுகள், இரண்டு கைகளிலும் குட்டை மட்டைகள். மட்டையின் ஒரு முனை அடிக்க; மறுமுனையில் இரும்புப் பற்கள். அவற்றைப் பனியில் குத்தித் தள்ளித்தான் நகர வேண்டும். 1960களில் ஸ்டாக்ஹோமில் ஒரு மறுவாழ்வு மையத்தில் பிறந்த ஆட்டமாம், 2006இல் டூரினில் கனடாவுக்குத் தங்கமாம். எல்லாம் அவன் ஒப்பிப்பதுதான்.

முதல் நாள் ஆறு முறை கவிழ்ந்தான். நான் ஓடப்போனேன், பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏழாவது முறை, மட்டையை ஊன்றி அவனே நிமிர்ந்தான்.

குளிர் பழகிவிட்டது, ஊர் நினைப்பே வருவதில்லை என்று தங்கையிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தகடு பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டால், தெருவில் மட்டையைத் தேய்த்தபடி ரன் ஓடும் பையன்கள்தான் கண்ணில் வருகிறார்கள்.

போன வாரம் வீடியோ காலில் அவர்கள், “நீ இல்லாம தினமும் சண்டைடா, அம்பயரே இல்ல” என்றார்கள்.

“வேற ஆளப் பாத்துக்கோங்கடா. லீவுக்கு வந்தா எனக்கு பேட்டிங்” என்றான்.

திண்ணையிலிருந்து தெருவுக்கு மூன்று படி. ஒரு பலகை போட்டால் போதுமா என்று அப்பாவிடம் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.