டுக்டுக்குக்குப் பெட்ரோல் போடுவது யார்?

பாங்காக்கிலிருந்து திரும்பி மூன்று நாள்கள்தான் ஆகின்றன. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. விமான நிலையம், தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், அங்குள்ள பெரிய அரச அரண்மனையின் மதிலோரம் நின்றிருந்த ஒரு மனிதரின் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைதான் கண்முன் வந்து நிற்கிறது. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நானும் அக்காவும் போயிருந்தோம். அக்கா பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. கைப்பையில் சிறிய நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூட எழுதிவைப்பவர். அரண்மனை நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 500 பாட். நாங்கள் பணம் மாற்றிய அன்று ஒரு பாட் ஏறத்தாழ 2.70 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 2,700 ரூபாயா என்று காலையிலிருந்தே அவருக்கு மனம் ஆறவில்லை. அந்த மனநிலையில்தான் பகல் பதினொரு மணிக்கு மதிலோரமாக நடந்துகொண்டிருந்தோம்.

வெள்ளைச் சட்டைக்காரர் எங்களிடம் எதையும் விற்க வரவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் மகிழ்ந்தார். தான் பள்ளி ஆசிரியர் என்றார். அக்காவின் சந்தேகம் அந்த ஒரு சொல்லிலேயே பாதி கரைந்துவிட்டது. இன்று புத்தருக்குரிய விசேஷ நாள், அரண்மனை மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும், அதற்குள் முப்பத்திரண்டு மீட்டர் உயரப் புத்தரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று எங்கள் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். அப்போது தற்செயலாக ஒரு டுக்டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நின்றது. சுற்றிக் காட்டி, காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு மொத்தம் இருபது பாட்.

ஏறும்போதே அக்கா காதோரம் கேட்டார்: "தம்பி, இருபது பாட்டுக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்டுறான்னா, வண்டிக்குப் பெட்ரோல் யாருடா போடுறா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அன்றைய பகல் முழுவதையும் விலையாகக் கொடுத்தேன்.

புத்தர் என்னவோ உண்மையான புத்தர்தான். வாட் இந்தரவிஹான் என்னும் அந்தக் கோயிலில் பொன்னிறத்தில் அவர் நிற்கும் கோலத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாதத்தருகே நின்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆனால் அங்கே நிழலில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் தற்செயலாகவே பேச்சுக் கொடுத்தார். அரசாங்கம் ஆண்டுக்கு ஒருமுறை வரியில்லாமல் நீலக்கல் விற்கிறதாம், அதற்கு இன்றே கடைசி நாளாம், தேனிலவுச் செலவையே அப்படி வாங்கி விற்றுச் சமாளித்தாராம். இந்த ஏமாற்றின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒருவரையொருவர் அறியாதவர்போல் வெவ்வேறு ஆள்கள் வெவ்வேறு இடங்களில் நம்மை ஒரே திசையில் தள்ளுகிறார்கள். அவர்களில் ஒருவரும் நம்மிடம் காசு கேட்பதில்லை. காசு கேட்காதவனை நாம் எதற்குச் சந்தேகிக்கப் போகிறோம்?

அடுத்து ஒரு தையற்கடை. கோட்டு வேண்டாம் என்று பத்து நிமிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அதன் பிறகு குளிரூட்டப்பட்ட நகைக்கடை. குளிர்ந்த தேநீர் கொடுத்தார்கள். கறுப்பு வெல்வெட் தட்டில் நீலக்கல் மோதிரம் ஒன்றை வைத்து, விளக்கைச் சரித்து, 28,000 பாட் என்றார் விற்பனைப் பெண். சென்னையில் இரண்டு மடங்குக்குப் போகும் என்றும் சேர்த்துக்கொண்டார். தாய்லாந்தில் நீலக்கல்லும் மாணிக்கமும் கிடைப்பது உண்மை. சந்தபுரி நகரம் அந்த வியாபாரத்துக்குப் பேர்போனது. ஆகவே இத்தகைய கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் கண்ணாடித் துண்டாக இருப்பதில்லை. நிஜமான, ஆனால் மட்டமான கல்லைப் பல மடங்கு விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள். போலி என்று நிரூபிக்க வழியில்லாததால் பிறகு புகார் கொடுப்பதும் கடினம். வரியில்லா அரசு விற்பனை என்பது முழுக் கட்டுக்கதை.

அக்கா மோதிரத்தைத் தொடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக அட்சய திருதியைக் கூட்டத்தில் நகை வாங்கிப் பழகியவர், தம் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இரண்டே கேள்விகள் கேட்டார். எத்தனை காரட் என்று ரசீதில் எழுதித் தருவீர்களா? வேண்டாமென்றால் முழுப் பணமும் திரும்பத் தருவோம் என்று அதிலேயே எழுதுவீர்களா? அந்தப் பெண் சிரித்தபடியே தட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். நாங்கள் வெறுங்கையுடன் வெளியே வந்தபோது டுக்டுக்கைக் காணவில்லை. இருபது பாட்டைக்கூட வாங்காமல் ஓட்டுநர் போய்விட்டிருந்தார். சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்கும் ஓட்டுநர்களுக்குக் கடைகள் எரிபொருள் கூப்பனும் கமிஷனும் கொடுக்கும் வழக்கத்தை விடுதிக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் கேள்விக்கு விடை அதுதான். (அங்கே டுக்டுக் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகிறது, ஆனாலும் கேள்வி பழுதாகிவிடவில்லை.)

பிறகு வெயிலில் நின்றோம். நின்றிருந்த டாக்சிக்காரர் மீட்டர் போட மறுத்து 300 பாட் கேட்டார். நின்றிருக்கும் வண்டியை விட்டுவிட்டு ஓடிவரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவதே மேல் என்பது என் அனுபவம். அடுத்த தெருவில் அப்படி நிறுத்திய வண்டியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கி 81-இல் நின்றது. அரண்மனையை அடைந்தபோது மணி 3.40. டிக்கெட் கொடுப்பது காலை 8.30 முதல் மாலை 3.30 வரை. அரச குடும்பச் சடங்குகளுக்காகச் சில வேளை மூடுவதுண்டு; மற்றபடி அது தினமும் திறந்திருக்கும் இடம். அன்றும் காலையிலிருந்து திறந்துதான் இருந்திருக்கிறது. நுழைவாயில் வரை இன்னும் இருநூறு அடி நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோபத்தில் எனக்குப் பசிக்கவில்லை. அக்காவுக்குப் பசித்தது. வாட் போ கோயிலுக்குப் பின்புறத்துச் சந்தில், பலகையில் விலை எழுதிப் போட்டிருந்த தள்ளுவண்டி ஒன்றில் மாம்பழமும் பசையரிசிச் சோறும் வாங்கினோம். தேங்காய்ப் பால் ஊறிய சோறு இளஞ்சூடாக இருந்தது. மேலே உப்புக் கலந்த கெட்டித் தேங்காய்ப் பாலும் வறுத்த பாசிப்பருப்பும் போட்டார் அந்த அம்மாள். மாம்பழத்தில் நார் என்பதே இல்லை. உப்பும் இனிப்பும் ஒரே வாயில் வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நூறு பாட், கேட்டதும் அதுதான், கொடுத்ததும் அதுதான். அந்த ஊரில் மறுபடி கால் வைப்பேன் என்றால் அந்த வண்டிக்காகத்தான் வைப்பேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம் இயந்திரம் எவ்வளவு எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்துக்கொண்டது. போதாததற்கு, கணக்கை ரூபாயிலேயே போடட்டுமா என்று கரிசனமாகக் கேட்கிறது. ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு. படகுத்துறையில், ஆற்றின் அக்கரையிலுள்ள வாட் அருண் கோயிலுக்குத் தனிப்படகு 1,500 பாட் என்று வழிமறித்தார்கள். அக்கரைக்குப் போகும் சாதாரணத் தோணிக்கு ஐந்து பாட்தான். ஏமாந்து காசு கொடுத்துவிட்டால் 1155 என்னும் சுற்றுலாக் காவல் எண்ணை அந்த ஊரில் இருக்கும்போதே அழைக்க வேண்டும். விமானம் ஏறியபின் அழைத்து என்ன பயன்?

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டோம். 1782-இல் முதலாம் ராமர் என்னும் தாய்லாந்து மன்னர் கட்டத் தொடங்கிய வளாகம் அது. பிராகாரச் சுவர் நெடுக ராமாயணம் தாய்லாந்து உருவில் ஓவியமாக ஓடுகிறது. உள்ளே மரகத புத்தர். பெயரில்தான் மரகதம், செதுக்கியிருப்பது வேறொரு பச்சைக் கல்லில். "இதையாச்சும் சொல்லிட்டுத்தான் வெச்சிருக்காங்க," என்றார் அக்கா.

வெளியே வந்தபோது மதிலோரம் அதே வெள்ளைச் சட்டை. முதுகில் பையுடன் வந்த ஓர் இளந்தம்பதியின் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கணவனிடம் தமிழில் ஏதோ கேட்டது காதில் விழவும், அக்கா உரக்கக் குரல் கொடுத்தார்: "மூடலம்மா, திறந்துதான் இருக்கு, நேரா போங்க!" வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பினார், எங்களை அடையாளம் கண்டுகொண்டார், பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு நெஞ்சுக்கு நேரே கைகூப்பிக் குனிந்தார். பழக்கதோஷத்தில் அக்காவும் கைகூப்பிவிட்டார்.