ஒருத்தி நம்பரில் இரண்டு பேர் கொழுந்து

கடைசி வருட ஆய்வுக்கு ஒற்றைக்கல ஆர்.என்.ஏ. தரவை எடுத்தேன், அதாவது எந்தப் பரம்பரை அலகு எவ்வளவு இயங்குகிறது என்று கலம் கலமாக எண்ணிய தரவு. ஹட்டன் பக்கம் எங்கள் லயத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் சிக்னல். அதனால் சின்னத் தரவாகத் தேடினேன். 10எக்ஸ் ஜீனோமிக்ஸ் என்ற நிறுவனம் இலவசமாகத் தரும் குருதித் தரவில் 2,700 கலங்கள்தான். சாதாரண லேப்டொப்பிலேயே ஓடும். நீங்களும் அதிலேயே தொடங்குங்கள்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். என்ன படிக்கிறாய் என்று கேட்டபோது கொழுந்து நிறுக்கும் மடுவத்தை வைத்துத்தான் சொன்னேன். ஃபெக்டரிக்குப் போன மொத்தக் கொழுந்தை மட்டும் நிறுப்பது பழைய முறை. யார் எத்தனை கிலோ என்று பேருக்குப் பேர் எழுதுவது இந்த ஒற்றைக்கல முறை. ஒவ்வொரு கலத்தையும் தனித் துளிக்குள் அடைத்து அதன் ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு குறியீடு ஒட்டுவார்கள், தோட்டப் பேர்ப்பதிவில் ஆளுக்கொன்றாக இருக்கும் செக்ரோல் நம்பர் மாதிரி. மூலக்கூறுக்கும் தனிக்குறி உண்டு, நகலெடுத்துப் பெருக்கியதை இரண்டு தரம் எண்ணிவிடாமல் இருக்க.

"ஒருத்தி நம்பர்ல ரெண்டு பேர் கொழுந்தப் போட்டா?" என்றார் அம்மா. சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அப்புறம் சியூராட் என்ற மென்பொருளில் கலங்களைக் கொத்துகளாகப் பிரித்தபோது குட்டிக் கொத்து ஒன்று வந்தது. டி கலமும் மொனோசைட்டும் வெவ்வேறு வெண்குருதிக் கலங்கள். டி கலத்துக்குரிய சி.டி.3.டி. என்ற பரம்பரை அலகும் மொனோசைட்டில் மிகுந்திருக்கும் எல்.வை.இசட்.டும் அந்தக் கொத்தில் சேர்ந்தே இருந்தன. புதுவகைக் கலம் என்று மூன்று பக்கம் எழுதினேன்! மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் கலங்களில் எத்தனை பரம்பரை அலகுகள் தெரிகின்றன?" எண்ணிப் பார்த்தால் மற்றவற்றைவிட மிக அதிகம். ஒரே துளிக்குள் இரண்டு கலங்கள் அகப்பட்டிருக்கின்றன. சியூராட்டின் பயிற்சிக் குறிப்பில் இருந்த, கலத்துக்கு 2,500 பரம்பரை அலகுகள் என்ற மேல் எல்லையை நான் போடவே இல்லை. மூன்று பக்கமும் குப்பைக்கு.

அதற்காக அந்த எண்களை எல்லா இழையத்துக்கும் அப்படியே போட்டுவிடாதீர்கள். அதே குறிப்பில் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) ஆர்.என்.ஏ. 5 சதவீதத்தைத் தாண்டிய கலங்களைச் சிதைந்தவை என்று நீக்கச் சொல்வார்கள். குருதிக்குச் சரி. இதயத் தசையில் இழைமணி இயல்பாகவே நிறைய, அங்கே நல்ல கலங்கள்தான் போய்விடும்.

வாய்மொழிப் பரீட்சையில் என்னைத் திணறடித்தது பூச்சியம். "இந்தக் கலத்தில் பூச்சியம் என்றால் அந்தப் பரம்பரை அலகு இயங்கவில்லையா?" என்றார்கள். ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது. ஒரு கலத்திலுள்ள ஆர்.என்.ஏ.யில் ஒரு பகுதிதான் பிடிபடுகிறது, குறைவாக இருப்பது தவறிப்போகும் என்று சமாளித்தேன். தலையாட்டிவிட்டு, கலங்களைப் புள்ளிகளாகக் காட்டும் யூமாப் படத்தில் இரண்டு கொத்துக்கு இடையிலுள்ள தூரம் எதைக் காட்டுகிறது என்றார்கள். அந்தத் தூரத்தை நம்பிவிடக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.