இலையுதிர் காலக் காய்கறியும் இனிப்பும்

என் கணவருக்குச் சாப்பாட்டில் இனிப்பு தட்டக் கூடாது. இனிப்பு இனிப்பாக வந்தால் மறுப்பில்லை, வெட்கமே இல்லாமல் இரண்டாவது கிண்ணமும் கேட்பார். சோற்றோடோ ரொட்டியோடோ தொட்டுக்கொள்ள வைத்தது இனித்தால் மட்டும் ஒரு வாயோடு நிறுத்திவிடுவார். கோடையில் இதனால் பெரிய தொல்லை இல்லை. தக்காளி, கத்தரி, வெள்ளரி என்று வருவதெல்லாம் நீரும் புளிப்பும்தான். இலையுதிர் காலம் தொடங்கியதும் மேடை முழுக்கப் பூசணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பீட்ரூட், கேரட், வெங்காயம் என்று அடுக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஒன்றுவிடாமல் எல்லாம் இனிக்கிற சாதி.

செடியைக் குறை சொல்லவும் முடியாது. வரப்போகும் குளிருக்காக அது சேர்த்துவைக்கும் சேமிப்பைத்தான் நாம் பிடுங்கித் தின்கிறோம். கேரட், முட்டைக்கோஸ், கேல் கீரை எல்லாம் குளிர் கூடக் கூடத் தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது என்பதால் அது செடிக்குத் தற்காப்பு. உறைபனி விழுந்த பிறகு பறித்த கேல் கீரை கசப்பு குறைந்து வருவது இதனால்தான்.

ஆக, இந்தப் பருவத்தில் சைவச் சமையல் என்பது பெரும்பாலும் இனிப்புக்கு ஒரு எதிராளி தேடுகிற வேலை. புளிப்பு, காரம், கசப்பு, நன்றாகக் கருகிய ஓரம், இதில் ஏதாவது ஒன்று தட்டில் இருந்தே ஆக வேண்டும். நிறையச் சமையல் குறிப்புகள் இதற்கு நேர்மாறாகப் போகின்றன. பூசணியில் பட்டையும் ஜாதிக்காயும் போட்டு, மேலே தேனையும் ஊற்றச் சொல்கிறார்கள். அதைக் கேக்கில் செய்துகொள்ளட்டும். சாப்பாட்டுத் தட்டில் எனக்கு வேண்டாம்.

பூசணி வாங்கும்போது நான் பார்ப்பது காம்பைத்தான். காம்பு உடையாமல், காய்ந்து, கட்டையாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காம்பு போன இடத்தில்தான் முதலில் அழுகும். தோல் பளபளவென்று மின்னினால் பெரும்பாலும் இன்னும் முற்றவில்லை என்று அர்த்தம். மங்கலாக, நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருப்பதே முற்றிய காய். அதை பிரிட்ஜில் வைக்கவே கூடாது. 10 முதல் 13 டிகிரி வரை இருக்கிற உலர்ந்த மூலைதான் அதற்குப் பிடித்த இடம். நல்ல பட்டர்நட் பூசணி அப்படியே சில மாதம் கிடக்கும், கிடக்கக் கிடக்க மாவுச்சத்து சர்க்கரையாகி இன்னும் இனிக்கும். அதனால் எங்கள் வீட்டில் பருவத் தொடக்கத்துப் பூசணி கூட்டுக்கும் பொரியலுக்கும் போகும், நாள்பட்டது என் மகளின் சூப்புக்குப் போகும். அவள் இனிப்புக் கட்சி.

சமைக்கும் விதம் எளிது. இரண்டாகப் பிளந்து, விதையை வழித்து, கைப்பிடி அகலத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் புரட்டி, 220 டிகிரி ஓவனில் ஓரம் கறுக்கும்வரை விடுவேன். ட்ரேயில் துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வேண்டும், இதில் மட்டும் நான் கறார். நெருக்கிப் போட்டால் காயிலிருந்து வெளியேறும் நீராவி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாத வரையில் சிவக்காது. வறுத்த பூசணி கேட்டால் அவித்த பூசணி கிடைக்கும். வெளியே எடுத்ததும் எலுமிச்சைச் சாறு, கொரகொரப்பாக இடித்த மிளகு, பூண்டு நசுக்கிப் போட்ட கெட்டித் தயிர். இந்தத் தயிர்தான் கணவரைத் தட்டோடு உட்கார வைக்கும் பொருள். செம்மஞ்சள் நிற ஹொக்கைடோ பூசணி கிடைத்தால் தோல் சீவும் வேலையும் மிச்சம், தோலும் வெந்து மெத்தென்று ஆகிவிடும்.

விதையை எறியாதீர்கள். நாரை அலசிவிட்டு, துணியில் ஒற்றிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மிதமான சூட்டில் வறுத்தால் போதும். டப்பாவுக்குள் போகும் முன்பே தீர்ந்துவிடும் என்பதால் எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஒரு வேடிக்கை உண்டு. அது எவ்வளவு இனிக்க வேண்டும் என்பதைப் பாதி நாமே முடிவு செய்யலாம். கிழங்குக்குள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரையில் அது மும்முரமாக வேலை செய்யும், அதற்கு மேல் சூடு போகப் போகச் செயலிழந்துவிடும். முழுக் கிழங்கைத் தோலோடு மெதுவாகச் சுட்டால் உள்பகுதி அந்தச் சூட்டில் வெகுநேரம் இருக்கும், பாகு வடியும் அளவுக்கு இனிக்கும். சின்னச் சின்னதாக நறுக்கிக் கொதிக்கும் நீரில் போட்டாலோ மைக்ரோவேவில் வைத்தாலோ நொதிக்கு அவகாசமே கிடைக்காது, இனிப்பும் குறைவு. மகளுக்கு வேண்டுமென்றால் முதல் வழி, பொரியல் என்றால் இரண்டாவது வழி. ஒரே கூடைக் கிழங்கில் இரண்டு பேரையும் சமாளித்துவிடலாம். இதையும் பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் பட்டால் நடுப்பகுதி கட்டை தட்டி, எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது.

பீட்ரூட்டைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு பெரும்பாலும் இனிப்பு பற்றியது அல்ல, மண் வாசனை பற்றியது. அவர்கள் சொல்வது சரிதான். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிற வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. அமிலம் பட்டால் அது உடைந்து வாசனை அடங்கும். ஆகவே வெந்த பீட்ரூட்டில் சூடாக இருக்கும்போதே வினிகரோ எலுமிச்சையோ தாராளமாக ஊற்றுங்கள். மண் வாசனையும் குறையும், நிறமும் பழுப்பேறாமல் நிற்கும். தோலோடு, வாலோடு, தண்டில் ஓர் அங்குலம் விட்டு வேகவைத்தால் சாயம் நீரில் இறங்காது, தோலும் விரலால் தேய்த்தாலே கழன்று வரும். கீரை ஒட்டியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதைப் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கி அதே தட்டில் பக்கத்தில் வையுங்கள். இனிப்புக்கு எதிராளி அதே செடியில் முளைத்திருக்க, வெளியே ஏன் தேட வேண்டும்?

காலிபிளவர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூசணி போலவே வறுங்கள், நிறைய நேரம் வேகவைக்காதீர்கள். வேக வேகக் கந்தக நாற்றம் கூடும். முட்டைக்கோசுக்கும் இதே கதை.

காளான்தான் இந்தப் பருவத்தில் என் ஆபத்பாந்தவன். துளியும் இனிக்காது, சைவத் தட்டுக்கு ஓர் ஆழமான சுவையைக் கொடுக்கும். 90 சதவீதம் அளவுக்கு அதில் நீர்தான், அதனால் அகலமான வாணலியில், எண்ணெய் கூட இல்லாமல், அந்த நீர் முழுக்க வற்றும்வரை விட்டுவிட்டு அப்புறம் எண்ணெயும் உப்பும் சேர்ப்பேன். கூடுதல் நேரம் அடுப்பில் இருந்தாலும் காளான் குழையாது, அதன் செல் சுவரில் உள்ள கைட்டின் என்ற கெட்டியான நார்ப்பொருள் வெப்பத்துக்கு அசராது. சமைத்துக்கொண்டே போன் பேசுகிற என் போன்றவர்களுக்கு ஏற்ற காய். காட்டில் தானாக முளைத்ததைப் பறித்து வந்து போன் பேசுவது மட்டும் வேண்டாம், விஷக் காளானை அடுப்பு திருத்தாது.

பேரிக்காயை உள்ளிருந்து வெளியே பழுக்கிற பழம் என்பார்கள். வெளியே மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி பழுப்பாகி நொந்துபோயிருக்கும். காம்புக்குப் பக்கத்தில் கழுத்தை அழுத்திப் பாருங்கள், லேசாக இறங்கினால் அன்றே சாப்பிட வேண்டும். அவசரமாகப் பழுக்க வேண்டுமானால் ஓர் ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டு மூடுங்கள், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு வேலையை முடுக்கிவிடும்.

அதே காரணத்துக்காக ஆப்பிளைக் கேரட் பக்கத்தில் வைக்கக் கூடாது. எத்திலீன் பட்ட கேரட்டில் கசப்புப் பொருள் உண்டாகும். அது தரமில்லாத கேரட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், பிரிட்ஜின் கீழ்த்தட்டைத் திறந்து பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.