குன்னூர் குளிருக்கு ஏற்ற ஜெர்மன் கோஸ்

மினசோட்டாவில் 1854-ல் நியூ உல்ம் என்ற சிற்றூரைத் தொடங்கிய ஜெர்மானியக் குடியேறிகளுக்கு முட்டைகோஸ் குளிர்காலச் சேமிப்பு. மாதக்கணக்கில் நிலம் உறைந்து கிடக்கும் ஊர் அது. பனி விழுவதற்குள் கோஸைச் சீவி உப்பிட்டு, நிலவறையில் பெரிய ஜாடிகளில் புளிக்க விடுவார்கள். பன்றி இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் துணையாகப் போன, சவர்க்ராட் என்ற அந்தப் புளித்த கோஸில் குளிர்காலத்து வைட்டமின் சி-யும் இருந்தது.

நீலகிரியில் அந்த நெருக்கடி இல்லை. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் கோஸ் விலை விழுந்து, வெட்டுக்கூலியும் லாரி வாடகையும்கூடத் தேறாத வாரங்கள் உண்டு. அவர்கள் நிலவறை தோண்டிப் பெற்ற குளிர்ச்சியோ நம் அடுக்களையில் சும்மா கிடக்கிறது. அந்த வாரங்களில் நாமும் சவர்க்ராட் போடலாம்.

கெட்டியான, கனமான கோஸாக எடுங்கள். மேல் இலைகளையும் நடுத்தண்டையும் நீக்கிய பிறகு எடை போடுங்கள். 5 கிலோவுக்கு 100 முதல் 110 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம். கல்லுப்பும் தூளுப்பும் ஒரு கரண்டியில் ஒரே எடை நிற்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனில் சீவி, உப்புச் சேர்த்துச் சாறு ஊறும்வரை கையால் பிசையுங்கள். மழைக்காலக் கோஸ் சீக்கிரம் நீர்விடும்.

8 லிட்டர் பீங்கான் ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே நான்கு விரல்கட்டையாவது இடம் விடுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அரித்துவிடும். முழு இலை ஒன்றை மூடி, அதன்மேல் தட்டு, அதன்மேல் பாரம். சுண்ணாம்புக்கல்லையும் புளிப்பு கரைக்கும்; தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டில் போதும். கோஸ் முழுக்கச் சாற்றுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். போதாவிட்டால் கொதித்து ஆறிய நீரில் லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள். முதல் வாரம் வாயு கிளம்பிச் சாறு வழியும். அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள்.

வெப்பநிலைதான் எல்லாம். 21 முதல் 24 டிகிரியில் மூன்று நான்கு வாரம், 16 முதல் 18-ல் ஐந்து ஆறு வாரம். 24-க்கு மேலே போனால் கோஸ் குழையும், 16-க்குக் கீழே போனால் புளிப்பது நின்றே போகலாம். குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்கு இது பெரும்பாலும் தானாகப் பொருந்தும். ஊட்டியில் உறைபனி நாட்களில் ஜாடியைச் சிமெண்ட் தரையில் வைக்காமல், அடுப்புப் பக்கத்து மரப்பலகையில் ஏற்றிவிடுங்கள்.

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் வழித்தெறிந்தால் போதும். இளஞ்சிவப்பு நிறம் ஏறினால் உப்பு அதிகம், அல்லது ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. கோழையாக இழுத்தால் உப்பு குறைவு, இல்லை வெப்பம் அதிகம். இவ்விரண்டும், பஞ்சுபோன்ற பூசணமும், அழுகல் நாற்றமும் வந்தால் ஜாடி முழுக்கக் குப்பைக்குத்தான். மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

ஜெர்மனி எதிரி நாடான முதல் உலகப்போரில் இந்த உணவும் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. அமெரிக்க வியாபாரிகள் இதைச் ‘சுதந்திரக் கோஸ்’ என்று சொல்லி விற்றார்கள். 1917-ல் மினசோட்டா ஆளுநர், நியூ உல்ம் மேயரைப் பதவியிலிருந்து இறக்கினார். 1840-களிலிருந்து நீலகிரியின் கேத்தியில் இயங்கிய, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷனும் அடிவாங்கியது. இந்தியாவில் இருந்த அதன் ஜெர்மானியரைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்து வெளியேற்றியது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பதம் வந்ததும் பிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். உப்பு தூக்கலாக இருந்தால் ஒருமுறை அலசிப் பிழியுங்கள். வெங்காயம் வதக்கி, வேகவைத்த ஊட்டி உருளைக்கிழங்கோடு புரட்டினால் சப்பாத்திக்கு நன்றாக இருக்கும். தயிர்சாதத்துக்குப் பச்சையாகவே தொட்டுக்கொள்ளலாம். ஜெர்மானியர் இதில் போடும், சீரகம்போல் தோற்றமுள்ள கேரவே விதை கிடைக்காவிட்டால் பதிலுக்குச் சீரகத்தைப் போடாதீர்கள், மணம் முட்டிக்கொள்ளும். ஒன்றும் போடாமலே விடலாம்.